கடைசி ஸ்டேஷனுக்குத் தண்ணி வரல

என் அத்தான் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்றால் அளக்கிறேன் என்பார்கள். சரி, சாப்பிடும்போது உட்காருவார். அதிலும் பாதி வயிறு நிரம்பியதும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே மீதியைச் சாப்பிடுவார். அக்கா பின்னாலேயே கரண்டியோடு அலைவாள்.

அவருக்குக் குழாய் வேலை. யார் வீட்டுக்குள் கால் வைத்தாலும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் "மெயின் வால்வு எங்க?" என்றுதான் கேட்பார். விருந்துக்குப் போன வீட்டிலும் அதே கேள்வி, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அதே கேள்வி. அதனால் ஊரில் அவர் பெயரே வால்வு. அக்கா, வால்வு வீட்டம்மா. நான், வால்வு மச்சான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முன்னால் கௌரவமாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் யோசித்ததில்லை.

எங்கள் பழைய வீட்டில் குழாய் ஒழுகியபோது வந்தவர்தான். சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் தானாகவே திரும்பி வந்து "இப்ப ஒழுகுதா?" என்று கேட்டார். அப்புறம் மறுபடியும் வந்தார். ஒழுகாத குழாயை இத்தனை தடவை பார்க்க வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. அந்தக் குழாயில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், கல்யாணப் பேச்சு எடுக்கிற வரைக்கும்.

அப்படிப்பட்ட மனுஷன், போன மழைக்காலத்தின் கடைசியில், ஒரு காலை வேளை பின்னறையில் விழுந்து கிடந்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. ஊரில் எத்தனையோ வீட்டு அடைப்பை எடுத்தவருக்கு உள்ளேயே ஒரு அடைப்பு. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் பாதி போய்விட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்தது இரண்டே சொல். தண்ணி. வரல.

முதல் தடவை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் "தண்ணி" என்றபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரும் நானும் அவ்வப்போது ஒன்றாகத் தண்ணி போடுகிறவர்கள்தான், அது அக்காவுக்கும் தெரியும். "டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு மூடி மட்டும் குடுத்துப் பாப்பமாக்கா?" என்றேன். அக்கா பார்த்த பார்வையில் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பொறுமையான பெண், என் தொழிலுக்கு அவள்தான் வந்திருக்க வேண்டும். படங்களைக் காட்டினாள், உதட்டை அசைத்துக் காட்டினாள், பாட்டாகச் சொல்லிக் காட்டினாள். புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் "தண்ணி வரல"தான்.

"ஆயுசு பூரா போன்ல ஜனங்க சொல்லி இவர் கேட்ட வார்த்தை இதுதானே?" என்று அவள் அக்காவிடம் சொன்னாள். "நாக்குல பதிஞ்சு போனது மட்டும் சில பேருக்கு மிச்சம் இருக்கும். அர்த்தத்தோட சொல்றாரா, சும்மா வருதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

அக்கா அதில் பாதியைத்தான் காதில் வாங்கினாள். சும்மா வருகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். ஆனாலும் அவர் சொல்லும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் நீட்டுவாள். அவர் தட்டிவிடுவார். அக்கா தரையைத் துடைப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "தண்ணி வரல". மறுபடியும் டம்ளர். படுத்தும் இருக்கமாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, பின்னறைக்குப் போய் நிற்பார். விழுந்துவிடுவாரோ என்று அக்கா ஓடுவாள். கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைப்பாள். அவள் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அவர் மறுபடியும் எழுந்திருப்பார். இரண்டு பேரும் நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் இப்படித்தான் அலைந்தார்கள். நான் போனால் எனக்கும் உட்காரத் தோன்றாது. நின்றபடியே பேசிவிட்டு நின்றபடியே திரும்புவேன்.

கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். மகன் தூரத்து ஊரில் இருக்கிறான். "அங்க வந்துடுங்கம்மா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறான், வீட்டைக் காலி பண்ணிவிட்டு அவனோடு போய்விடுவது என்று ஏற்பாடு.

"அத்தான்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவார்? தண்ணி வரலம்பார்."

"அதுக்காக மனுஷன மூட்டையோட மூட்டையா ஏத்திட்டுப் போறதா?"

"நீ வந்து ஒரு நாள் பாத்துக்க, அப்புறம் பேசு," என்றாள்.

எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? இருக்கிற ஒரே அக்கா. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் அத்தானைச் சாக்காக வைத்துச் சண்டை பிடித்தேன் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மிச்சம் இருந்தது பின்னறை மேஜை. மூன்று சுவரையும் ஒட்டி, கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் ஓடுகிற பலகை. அதன்மேல் விரல் அகலத்துக்குத் தண்டவாளம், குட்டி ஸ்டேஷன்கள், பாலம், பஞ்சில் செய்த மரங்கள். மகன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்தார். மகன் அதைக் கொஞ்ச நாளில் மறந்துவிட்டான், அத்தானுக்குத்தான் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்தால் நேராகப் பின்னறைதான். அங்கேயும் உட்காரமாட்டார். ரயில் மேஜைமேல் ஓடும், இவர் ரயிலோடு ஓடுவார்.

சாதாரண பொம்மை ரயிலில் கரண்டைக் கூட்டினால் வண்டி வேகமாகப் போகும், குறைத்தால் நிற்கும். அத்தானுடையது டிஜிட்டல். அதில் தண்டவாளம் முழுக்க எப்போதும் முழு கரண்டு இருக்கும். ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் ஒரு சின்னச் சில்லு, அதற்கென்று ஒரு நம்பர். கையில் இருக்கிற ரிமோட்டில் அந்த நம்பரை அழுத்திக் குமிழைத் திருகினால், கட்டளை அதே தண்டவாளம் வழியாகப் போய் அந்த இஞ்சினை மட்டும் நகர்த்தும். இதெல்லாம் இப்போது சொல்கிறேனே தவிர, அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

மேஜையை ஒரு பொம்மைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், ஆனால் ஓடுவதைப் பார்த்தால்தான் எடுப்பாராம். அக்காவுக்கு அதை உடைத்துப்போட மனசில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு என்னக்கா தெரியும் இதுல?"

"ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுக்குற. இது ஒரு பொம்ம ரயிலு. ஓட்டிக் காட்ட மாட்டியா?"

பிளக்கைச் செருகினேன். கண்ட்ரோல் பாக்ஸில் பச்சை விளக்கு எரிந்தது, உடனே 'டிக்' என்று சிவப்புக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பச்சை, மறுபடியும் டிக். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஷார்ட் ஆவுது சார்," என்றார். "ரெண்டு தண்டவாளமும் எங்கயோ ஒண்ணோட ஒண்ணு தொடுது. பாக்ஸ் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆவுது. ஏதாவது பெட்டி தடம் புரண்டு கெடக்கான்னு பாருங்க. சக்கரம் இரும்பு இல்லையா."

தேடினேன். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து தேடினேன். என் முதுகுக்குப் பின்னால் அத்தான் வந்து நின்றுகொண்டார். நான் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு சரக்குப் பெட்டி குறுக்காக நின்றிருந்தது. அக்கா தூசி தட்டும்போது துணி பட்டிருக்கும். எடுத்து நேராக வைத்தேன். பச்சை நிலைத்து நின்றது. எனக்குள் ஒரு கர்வம் வந்தது, அது அதிக நேரம் நிற்கவில்லை.

இஞ்சின் அசையவில்லை. மறுபடியும் போன். இத்தனை மாதத் தூசி, ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடையுங்கள் என்றார். மேஜை முழுக்கத் துடைத்தேன். துணி கறுத்துப்போனது. இஞ்சின் கிளம்பியது. கதவுப் பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது. திருப்பத்தில் கொஞ்சம் தளர்ந்தது. ஜன்னலோரம் இருக்கிற கடைசி ஸ்டேஷனை நெருங்கும்போது விக்கியது, முன்விளக்கு மங்கியது, கிளட்சை அவசரமாக விட்ட என் மாணவன் மாதிரி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

அத்தான் இடது கையால் மேஜையை ஓங்கி அறைந்தார். "தண்ணி வரல!"

அக்கா டம்ளரோடு வந்தாள். அவர் அதைப் பார்க்கவேயில்லை. அக்கா அதைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மறுபடியும் துடைத்தேன். இஞ்சினை மாற்றினேன். அடுத்த இஞ்சினும் அதே இடத்தில் விக்கியது. மூன்றாவதை வைத்தேன், அதுவும் அப்படித்தான். அப்படியானால் கோளாறு இஞ்சினில் இல்லை என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு இருந்தது. கடைக்காரர் பாக்ஸ்மேல் சந்தேகப்பட்டார். பாக்ஸ் கெட்டிருந்தால் கதவுப் பக்கம் மட்டும் எப்படி ஓடும்? எனக்கு எரிச்சல் வந்தது. அறையில் புழுக்கம். அத்தானின் மூச்சு என் காதோரம். ஜன்னல் முனையில் குனிந்தால் "தண்ணி வரல", நிமிர்ந்தால் "தண்ணி வரல", பாக்ஸ் பக்கம் போனால் என் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடியும் ஜன்னல் முனைக்கு.

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று கத்திவிட்டேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் கத்துகிற அதே குரல். அவர் சும்மா இருக்கவில்லை. என்னை முறைத்தார். அந்த முறைப்பில் பழைய அத்தான் முழுசாக இருந்தார், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன். டிக்கியில் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு கிடந்தது, இரண்டு ஒயர் வைத்தது. காரில் எங்காவது கரண்டு வருகிறதா என்று பார்க்க மெக்கானிக் கொடுத்தது. இதையே ரயிலில் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கொண்டுவந்து கதவுப் பக்கம் இரண்டு தண்டவாளத்திலும் ஒயரை வைத்து அழுத்தினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது, கண் கூசியது. பாலத்தில் வைத்தேன். எரிந்தது, ஆனால் அந்தப் பளிச் இல்லை. திருப்பத்தில் மஞ்சளாகிவிட்டது. கடைசி ஸ்டேஷனில் வைத்தபோது உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

அத்தான் அந்தச் சிவப்புக் கம்பியைக் காட்டினார். இந்தத் தடவை கத்தவில்லை. சொல் சொல்லாக, மரமண்டைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"தண்ணி. வரல."

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. இந்த டிஜிட்டல் பாக்ஸ் வாங்கிய அன்றைக்கு என்னை இதே அறைக்கு இழுத்துவந்து விளக்கினார். "ரொம்ப சிம்பிள் மாப்ள. பாக்ஸ்தான் மொட்டமாடி டாங்க். எப்பவும் ஃபுல். குழாய்ல எப்பவும் தண்ணி நிக்குது. ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளயும் ஒரு டேப்பு. எவன் டேப்பத் தொறக்குறியோ அவனுக்கு மட்டும் தண்ணி." அப்புறமும் ஏதோ சொன்னார். டாங்க் பக்கத்து வீட்டுக்கு ஜோராக வரும், தெருக்கோடி வீட்டுக்குச் சன்னமான குழாய் போட்டால் அவன் தண்ணி வரல தண்ணி வரல என்று கத்துவான், அதனால் கோடி வரைக்கும் தடித்த குழாயாகத் தனியாக இழுக்க வேண்டும் என்று. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். ரயில் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்றுதான் இருந்தது.

மனுஷனுக்குக் கரண்டு என்றாலே தண்ணிதான். வேறு சொல்லே கிடையாது. அவர் தாகத்தைச் சொல்லவில்லை. பழக்கத்தில் உளறவும் இல்லை. கடைசி ஸ்டேஷனுக்குக் கரண்டு வரவில்லை என்று இத்தனை மாதமாக, சரியான இடத்தில் நின்று, சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்தான்," என்றேன். "இங்க கரண்டு பத்தல. அதானே?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மேஜைக்கு அடியில் காட்டினார்.

உள்ளே புகுந்தேன். பலகையின் அடியில் தடித்த ஒயர் இரண்டு, பாக்ஸிலிருந்து சுவரோரமாக, குழாய்க்கு அடிக்கிற கிளாம்பு அடித்து, நேர்த்தியாக ஜன்னல் முனை வரைக்கும் வந்திருந்தன. முனையில் சுருட்டி டேப் ஒட்டி விட்டிருந்தார். தண்டவாளத்தோடு இணைக்கவில்லை. இணைக்கத்தான் அன்றைக்குக் காலையில் இங்கே வந்திருக்கிறார். வந்த இடத்தில் விழுந்துவிட்டார். அதுவரைக்கும் கடைசி ஸ்டேஷனுக்குக் கரண்டு, தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று கோக்கிற சின்னத் தகடுகள் வழியாகத்தான் கசிந்து போயிருக்கிறது.

டேப்பைப் பிரித்தேன். இரண்டு ஒயரும் சாம்பல் நிறம். குழாய்க்காரர் புத்தி, கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். எது எந்தத் தண்டவாளத்துக்கு என்று எப்படித் தெரியும்? கிளிப் வைத்து ஒரு குத்துமதிப்பில் மாட்டினேன். டிக். சிவப்பு விளக்கு. அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, சத்தம் மட்டும் பழைய சத்தம். இரண்டு விரலைக் குறுக்காக மாற்றிக் காட்டினார். கிளிப்பை மாற்றி மாட்டினேன். பச்சை. பல்பை வைத்தேன். ஜன்னலோரத்திலும் கண் கூசியது.

ரயிலை விடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். அத்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இடது கையால் மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு இரும்பு வாஷரை எடுத்தார். என்ன ஏது என்று நான் பார்ப்பதற்குள் அதைக் கடைசி ஸ்டேஷனில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துவிட்டார்.

"ஐயோ, ஷார்ட் ஆயிடும்!" என்று அலறினேன்.

டிக். பாக்ஸ் ஆஃப் ஆனது. அத்தான் தலையாட்டினார். வாஷரை எடுத்தார். பச்சை திரும்பியது. பாலத்தருகே வைத்தார். டிக். எடுத்தார், பச்சை. அவருக்குத் திருப்தி. கடைக்காரரிடம் பிறகு கேட்டபோதுதான் விளங்கியது. எங்கே ஷார்ட் ஆனாலும் பாக்ஸ் உடனே நின்றுவிட வேண்டுமாம். கோடியில் கரண்டு சரியாகப் போகாவிட்டால், அங்கே ஷார்ட் ஆனாலும் பாக்ஸுக்குத் தெரியாது, தண்டவாளம் சூடேறி அடியில் இருக்கிற பிளாஸ்டிக் உருகிவிடும். அதனால் ஒவ்வொரு முனையிலும் இப்படி வைத்துப் பார்ப்பார்களாம். பேச்சு போன மனுஷன் அதைப் படிப்படியாக, ஒன்றையும் விடாமல் செய்து பார்த்தார்.

நான் திரும்பினேன். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் டம்ளர். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது.

"அவருக்குத் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார்க்கா," என்றேன். "கரண்டு வரலன்னு சொல்லியிருக்கார். நமக்குத்தான் ஏறல."

அக்கா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அத்தான் அவளைப் பார்த்தார். இடது கையை வலது தோளில் வைத்தார். தோளிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கி, தொங்குகிற விரல்கள் வரைக்கும் கொண்டுவந்தார்.

"தண்ணி வரல," என்றார்.

"கையச் சொன்னீங்களா?" என்றாள் அக்கா. "கைக்கு வரலன்னா சொன்னீங்க? நான் குடிக்கக் குடுத்துட்டே இருந்தேனே."

அவர் தலையாட்டினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போகவும் முடியவில்லை. துணியை எடுத்து, துடைத்த தண்டவாளத்தையே மறுபடி துடைத்தேன். இத்தனை மாதமாக அவர் எதிரில் நாங்கள் பேசியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு முன்னால் வைத்தே அவருக்கு ஒன்றும் புரியாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்!

அக்கா அவருக்கு நேர் எதிரில் வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க. நாளைக்குப் பையன் வர்றான். அவன்கூடப் போயிடலாம்னு நானே முடிவு பண்ணிட்டேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல. இப்பக் கேக்குறேன். போலாமா?"

அத்தான் உடனே சொன்னார்.

"வரல."

தண்ணி இல்லை. வெறும் வரல. மகன் போனில் "வந்துடுங்கப்பா" என்று சொன்னபோதெல்லாம் அவர் இதைத்தான் சொன்னார் என்பது அந்த நிமிஷம் எனக்கும் அக்காவுக்கும் ஒன்றாகத் தெரிந்தது. அப்போதெல்லாம் அக்கா குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "வருதே, நல்லாத்தானே வருது?" என்பாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்பாடா, அக்கா போகமாட்டாள். அவ்வளவுதான் நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

அக்கா வெடித்துவிட்டாள்.

"வரலையா? நல்லா ஈசியாச் சொல்லிட்டீங்க! உங்களத் தூக்கி நிறுத்தறது யாரு? நீங்க அங்க ஓடறப்ப பின்னாடி ஓடறது யாரு? என் இடுப்பு விட்டுப் போச்சு. நிம்மதியா ஒரு தூக்கம் கெடையாது. அங்க போனா மருமக ஒரு வேள பாத்துப்பா, நான் கால நீட்டிப் படுப்பேன். அதுக்குத்தான் போகணும்ங்கறேன், வேற எதுக்கு? உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டு எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டேன். இப்பதான் புரியுதுன்னு தெரிஞ்சு போச்சே. கேட்டுக்கங்க. என்னால முடியல. முடியலன்னா முடியலதான்!"

அவள் அவரோடு சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று! விழுந்த நாளிலிருந்து அவரிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள். எந்திரிக்கலாமா, வாயத் தொறக்கலாமா, சமத்து. இப்போது புருஷனிடம் கத்தினாள். எனக்குப் பயமாக இருந்தது, கூடவே நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

அத்தான் நகர்ந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, ஜன்னல் முனைக்குப் போனார். அங்கிருந்து பாலம் வரைக்கும் வந்தார். மறுபடி ஜன்னல் முனைக்குப் போனார். அக்கா பின்னால் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் திரும்பி அவள் பக்கம் வந்தார். வாயைத் திறந்தார்.

"வ..."

உதடு கோணியது. "வர..." என்றார். நாக்கு பழகிய பக்கமே ஓடியது. "வரல" என்று வந்துவிட்டது. இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். மேஜையை அறைந்தார். மரங்கள் இரண்டு சாய்ந்தன. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "வர... வரே..."

"விடுங்க," என்றாள் அக்கா. "கஷ்டப்படாதீங்க. நான் ஏதோ ஆத்திரத்துல..."

"வரேன்," என்றார் அத்தான்.

அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"வரேன்!" நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் போன் பண்ணுகிற வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவாரே, அந்தக் குரல்.

அக்கா அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள், தண்ணி வராத பக்கத்துத் தோளில். அழுதாள். அவர் இடது கை அவள் முதுகுக்குப் போகப் பார்த்தது, எட்டவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கு அந்த வீட்டை விட்டு, அந்த அறையை விட்டுப் போக மனசே இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு போனை எடுத்தாள். பொம்மைக் கடைக்காரருக்கு இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு மகனுக்குப் போட்டாள். அவன் ஏதோ நீளமாகப் பேசினான். அப்பாவை எப்படி ஏற்றுவது, வழியில் எங்கே படுக்க வைப்பது, அவர் அழுது அடம்பிடித்து, கூட்டிக்கொண்டு வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டான்போல.

"அப்பாவ யாரும் கூட்டிட்டு வரலடா," என்றாள் அக்கா. "அவரே வர்றார். வரேன்னு சொல்லிட்டார். அவரு மேஜையும் வருது. பெரிய வண்டியாக் கொண்டா. அங்க எடம் இல்லன்னா நீ கூடத்துல படுத்துக்க."